முதுகில் 22 கிலோ, இடுப்பில் ரிவால்வர்: எங்கேதான் மாட்டிக்கொள்வது?

#1 நெடுநடையன் (போஸ்மன், மொன்டானா)

வணக்கம். அக்டோபர் கடைசியில் ரைஃபிள் பருவம் தொடங்கியதும் நண்பர் ஒருவருடன் கேலட்டின் மலைத்தொடருக்குள் ஆறு நாள் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து முகாமுக்கு 11 கிலோமீட்டர் நடை. கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் சேர்த்து முதுகுப்பை 22 கிலோ. கையில் ரைஃபிள், கழுத்தில் பைனாகுலர். இவை போதாதென்று கரடிக்காக ஒரு .44 மேக்னம் ரிவால்வர். நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டாவும் போட்டால் 1.3 கிலோ.

போன வாரம் ஒத்திகை பார்த்தேன். பையின் இடுப்புப் பட்டையும் ரிவால்வர் உறையும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன. இரண்டாவது கிலோமீட்டரில் இடுப்பெலும்பில் குத்தத் தொடங்கியது. நான்காவதில் பட்டையைத் தளர்த்தினேன். பாரம் முழுவதும் தோளுக்கு ஏறிவிட்டது. ஆறாவதில் பொறுக்க முடியாமல் ரிவால்வரைக் கழற்றிப் பையின் மேல்மூடிக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். அதன்பிறகு நடை சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் இருக்கும் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்று நண்பர் சிரிக்கிறார்.

நாள் முழுக்கச் சுமந்தாலும் உறுத்தாமல், வேண்டும்போது கைக்கு வரும்படியாக, உடம்பில் ஓர் இடம் இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 ஆங்கரேஜ்வாசி

தம்பி, இருக்கிறது. நிலைக்கண்ணாடி முன்னால் பையை மாட்டிக்கொண்டு நின்று பாருங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே போகும் சிறு பட்டைக்குக் கீழே, இடுப்புப் பட்டைக்கு மேலே, ஒன்றரைச் சாண் அளவுக்கு எதுவும் தொடாத இடம் இருக்கும். உடம்பில் வேறு எங்கே வைத்தாலும் பையோடு மோதும். அலாஸ்காவில் மீன்பிடி வழிகாட்டிகளும் மூஸ் மான் வேட்டைக்காரர்களும் நெஞ்சு உறையைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு இடுப்பு உறை எதற்கு?

ஒரு பட்டை தோளுக்கு மேலே, இன்னொன்று விலாவைச் சுற்றி. வலக்கைக்காரருக்குப் பிடி வலப்பக்கம் பார்த்திருக்கும், குழல் இடப்பக்கம் சாய்ந்து கீழே பார்க்கும். மாட்டும் வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் உறை, அதன்மேல் பைனாகுலர் கச்சை, கடைசியில் பை. அப்போதுதான் பையைக் கழற்றி எறிந்தாலும் துப்பாக்கி உங்கள் மேலேயே இருக்கும். சிலர் உறையைப் பையின் தோள்பட்டையிலோ இடுப்புப் பட்டையிலோ கோத்துவிடுகிறார்கள். நடக்கும்போது அதைவிடச் சுகம் கிடையாது. ஓய்வெடுக்கப் பையை இறக்கிவைத்து, பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் போய் உட்காரும்போதுதான் தப்பு தெரியும்.

உறை எவ்வளவு உயரத்தில் என்பதும் முக்கியம். பைனாகுலர் கச்சை தாழ்வாகத் தொங்கினால் துப்பாக்கியை வயிற்றுக்குத் தள்ளிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் முழங்காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தொடை குழலில் இடிக்கும். பைனாகுலரை ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டினாலே அது சரியாகிவிடும்.

#3 காட்டுப்பூனை

ஒரு சந்தேகம். கையில் ரைஃபிள் இருக்கிறதே, பிறகு எதற்கு 1.3 கிலோ கூடுதல் சுமை? பல் துலக்கும் பிரஷின் காம்பை வெட்டி எடை குறைக்கிற கூட்டம் நாம்.

#4 ஆங்கரேஜ்வாசி

மான் விழும்வரை ரைஃபிள் கையில் இருக்கும். விழுந்தபிறகு? ஒரு எல்க்கை அறுத்துத் துண்டுபோட இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். முழங்கை வரை இரத்தம், குனிந்த தலை, இரண்டு கையும் வேலையில். ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருக்கும். காற்று அந்த வாடையைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும். பிறகு ஒரு பின்தொடையை மட்டும் முதுகில் ஏற்றினால் அதுவே 25 கிலோவைத் தாண்டும். அப்போது ரைஃபிள் பையில் கட்டப்பட்டிருக்கும். மிச்சத்தை எடுக்க மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வரவேண்டும். அந்த இரவில் யார் வந்து அந்த இறைச்சியைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியாது.

2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் காட்டில் இப்படித்தான் நடந்தது. முந்தைய நாள் அம்பு பட்ட எல்க்கை மறுநாள் கண்டுபிடித்து, வழிகாட்டி ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தார். கிரிஸ்லி கரடிகள் வந்தன. அவருடைய கைத்துப்பாக்கி, கழற்றிவைத்த பைகளோடு சற்றுத் தள்ளிக் கிடந்தது. கூட வந்தவர் ஓடிப்போய் அதை எடுத்தார், ஆனால் சுட முடியவில்லை. வழிகாட்டியை நோக்கி வீசினார், அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. வழிகாட்டி இறந்துவிட்டார். அவர் அனுபவமில்லாதவர் அல்லர். வேலை செய்யத் தொந்தரவாக இருந்ததைக் கழற்றிவைத்திருந்தார், நீங்கள் ஆறாவது கிலோமீட்டரில் செய்ததைப் போலவே. சுமக்கச் சுகமாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

#5 மிளகாய்த்தூள்

அந்த வழிகாட்டி கரடி ஸ்பிரேயும் (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், ஐயா. எந்தக் கருவியும் உத்தரவாதம் அல்ல.

ஆனாலும் ஸ்பிரேயைப் பற்றி இந்த இழையில் யாருமே பேசவில்லை என்பது வியப்பு. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த நிகழ்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் ஸ்பிரே 92 விழுக்காடு வேலை செய்திருக்கிறது. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் திரும்பினார்கள். துப்பாக்கிகளைப் பற்றி அதே ஆய்வாளர்கள் 2012இல் 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது கைத்துப்பாக்கி 84, நீளத் துப்பாக்கி 76 விழுக்காடு என்று வந்தது. எடை? ஸ்பிரே அரை கிலோகூட இல்லை. குறிபார்க்கவும் வேண்டாம், முன்னால் ஒரு மேகத்தை நிறுத்தினால் போதும்.

#6 ஆங்கரேஜ்வாசி

84, 92 இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஸ்பிரே பட்டியலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கரடியை விரட்டியதும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கிப் பட்டியலில் பாய்ந்து வந்த கரடிகள் அதிகம். ஆனால் அந்த 2012 ஆய்வில் எனக்கு உறைத்தது வேறொரு வரி. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காயப்பட்ட விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். எடுக்க நேரமிருக்கவில்லை, எடுத்தும் தவறிவிட்டது, துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு விலகவில்லை, இப்படி. கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி போதும்.

நான் இரண்டையும் எடுத்துப்போகிறேன். ஸ்பிரே இடப்பக்கம், இடக்கைக்கு. எதிர்காற்றில் அது எனக்கே திரும்பி வரும் என்பதும், எட்டுவது ஒன்பது மீட்டர் வரைதான் என்பதும் தெரிந்தே.

#7 வில்லாளி (ஐடஹோ)

எல்லோரும் ரைஃபிள்காரர்களாக இருக்கிறீர்கள். வில் பிடிக்கிறவர்களுக்கு நெஞ்சு உறை அத்தனை சுகமான தீர்வு அல்ல. நாணை முழுவதும் இழுத்து நிற்கும்போது அது நெஞ்சை ஒட்டித்தான் வரும். விடும்போது உறையின் விளிம்பிலோ பட்டைக் கொக்கியிலோ உரசினால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நான் முதல் ஆண்டு இதைக் கவனிக்காமல் போய், 35 கஜத்தில் நின்ற மானுக்கு மூன்றடி தள்ளி ஒரு பைன் மரத்தைத் தைத்தேன். மரம் இன்னும் நன்றாக இருக்கிறது.

உறையை இரண்டு விரற்கடை கீழே இறக்கி, வலப்பக்கமாக நகர்த்திய பிறகு தொல்லை இல்லை. எது செய்தாலும் வீட்டுத் தோட்டத்தில் பை, பைனாகுலர், மேல்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு இருபது அம்பு விட்டுப் பாருங்கள். ரைஃபிள்காரர்களுக்கும் இது பொருந்தும்: தோள்பட்டை தடிப்பாக இருந்தால் ரைஃபிளின் அடிக்கட்டை தோளில் சரியாக உட்காராது. குப்புறப் படுத்துச் சுடும்போது நெஞ்சுக்கு அடியில் ஒரு ரிவால்வர் இருப்பது எப்படி என்பதை நீங்களே அனுபவித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வில் பருவத்தில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

#8 செங்காந்தள் (கொலராடோ)

நெஞ்சு உறை, நெஞ்சு உறை என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அதை வடிவமைத்தவர்கள் யாரும் ஒரு பெண்ணின் உடம்பை அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் மூன்று உறைகளை வாங்கித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே வைத்தால் மார்பை அழுத்தும், கீழே வைத்தால் வயிற்றில் தொங்கி ஆடும். தோளில் போகும் ஒற்றைப் பட்டை மாலைக்குள் கழுத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடும்.

கடைசியில் எனக்குச் சரிவந்தது உறை அல்ல, நெஞ்சுப் பை. இரண்டு தோளிலும் பட்டை, முதுகில் வலைத்துணி. முன்னால் உள்ள பையின் பின்னறையில் துப்பாக்கி. எடை இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடுகிறது. பையின் முன்னறையில் வரைபடம், தீப்பெட்டி, ஒரு நாளுக்கான கடலை மிட்டாய் எல்லாம் அடங்கும். நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் துப்பாக்கியைப் பார்த்து முகம் மாறுவதும் இல்லை. எனக்கு அது முக்கியம். தனியாக நடக்கிற, பழுப்பு நிறப் பெண் ஒருத்தி இடுப்பில் துப்பாக்கியோடு வந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

குறை: ஜிப்பைத் திறந்துதான் எடுக்க வேண்டும். திறந்த உறையைவிட ஒரு விநாடி, ஒன்றரை விநாடி தாமதம். அடர்ந்த புதருக்குள் நுழையும் முன்பு ஜிப்பைப் பாதி திறந்துவைத்துக்கொள்வேன். பையின் அறைக்குள்ளும் விசையை மூடும் கெட்டியான கைடெக்ஸ் (ஒருவகைப் பிளாஸ்டிக்) உறை இருக்க வேண்டும். வெறும் துணி அறைக்குள் சாவிக்கொத்தோடு துப்பாக்கியைப் போடாதீர்கள், தயவுசெய்து.

#9 நெடுநடையன்

அக்கா, மிக்க நன்றி. நெஞ்சுப் பையை நான் யோசிக்கவே இல்லை.

ரிவால்வரை மாற்றுவதா என்றும் யோசிக்கிறேன். அதே .44இல் ஸ்கேண்டியம் கலந்த இலேசான உலோகச் சட்டகம் கொண்ட ஸ்மித் அண்டு வெசன் 329 காலியாக 700 கிராம் சொச்சம்தான். இல்லாவிட்டால் 10 மில்லிமீட்டர் பிஸ்டல்?

#10 பழைய_தோட்டா

329ஐ நான் வைத்திருந்தேன். சுமக்கத் தேவதை, சுடப் பிசாசு. முழு வலுவுள்ள .44 தோட்டாவை அதில் ஆறு முறை சுட்டால் உள்ளங்கை அன்று முழுக்கச் சோறு பிசையாது. அதனால் பழகவே மாட்டீர்கள். பழகாத துப்பாக்கியால் பாய்ந்து வரும் கரடியின் மண்டையைத் தொட முடியாது.

10 மில்லிமீட்டரில் க்ளாக் 20 பிஸ்டல் என்றால் 15 தோட்டாவும் சேர்ந்து 1.1 கிலோ. வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்காக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். விரிந்து மலரும் தோட்டா வேண்டாம். முனை தட்டையான, கெட்டி ஈயத் தோட்டா, 200 கிரெயினோ 220 கிரெயினோ (கிரெயின் என்பது தோட்டாவின் எடையளவு). எலும்பைத் துளைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். எந்தத் தோட்டா பெரியது என்று இதற்குமேல் இங்கே சண்டை வேண்டாம், அதற்கென்று தனி இழையில் 400 பதிவுகள் இருக்கின்றன.

#11 மழைநாடன் (சியாட்டில்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மலையேற்றம் மட்டும்தான், வேட்டை இல்லை. இங்கே வடக்கு கேஸ்கேட்ஸ் மலைகளில் நடக்கும்போது நண்பரின் பிஸ்டலை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? இந்த மாநிலத்தில் அனுமதி உண்டு என்கிறார்.

#12 நெறியாளர்

கூடாது. கவனமாகப் படியுங்கள், நம் ஆட்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடை செய்கிறது. மாநிலம் என்ன சொன்னாலும் இது மாறாது. விதிவிலக்குகள் உண்டு, நமக்குப் பொருந்தக்கூடியது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. அப்போதும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். வைத்துப் பார்ப்பதற்காக நண்பரிடம் வாங்கினாலும் "வைத்திருத்தல்"தான். சிக்கினால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, விசாவும். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கரடி ஸ்பிரேக்கு விசா கேட்க மாட்டார்கள், அதை வாங்குங்கள்.

தேசியப் பூங்காக்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2010 பிப்ரவரி 22 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்திருக்கலாம். ஆனால் பூங்காவுக்குள் சுடுவது குற்றம், பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோவதும் குற்றம். விமானத்தில் போகிறவர்கள்: தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கெட்டியான பெட்டியில் வைத்து, முகப்பில் அறிவித்து, சரக்குப் பெட்டியாகக் கொடுக்கலாம். கரடி ஸ்பிரேயை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

#13 கம்லூப்ஸ்காரன்

கனடாவிலிருந்து ஒரு பெருமூச்சு. இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்காரர் கைத்துப்பாக்கியோடு காட்டுக்குள் போக முடியாது. பொறிவைத்துப் பிழைப்பவர்கள், காட்டிலேயே தொழில் செய்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தனி அனுமதி. 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கம். எங்களுக்கு ரைஃபிளும் ஸ்பிரேயும்தான். அமெரிக்காவிலிருந்து அலாஸ்காவுக்கு எங்கள் நாட்டின் வழியாகக் காரில் போகிறவர்கள் வண்டிக்குள் கைத்துப்பாக்கியை மறந்துவைத்துவிட்டு எல்லைக்கு வராதீர்கள்.

#14 பழைய_தோட்டா

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, சொல்லக் கொஞ்சம் வெட்கம். மூன்று ஆண்டுக்கு முன்பு மழையில் ஓடையைக் கடந்து, பிஸ்டலைத் துடைத்துவிட்டுப் பார்க்காமலே உறைக்குள் தள்ளினேன். கடைசி ஒரு விரற்கடை போகவில்லை. இன்னும் அழுத்தப் போனவன், ஏதோ தோன்றி நிறுத்திக் குனிந்து பார்த்தேன். மழைச்சட்டையின் அடிக்கயிற்றில் இருந்த பிளாஸ்டிக் குமிழ் விசைக்காப்புக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. அழுத்தியிருந்தால் என் இடக்கையும் பக்கத்தில் நின்ற மைத்துனரும் இருந்த பக்கம் பார்த்துத் தோட்டா போயிருக்கும்.

அன்றே அந்தக் கயிற்றை அறுத்து எறிந்தேன். எடுக்கும்போது வேகம் வேண்டும். திரும்ப வைக்க எந்த அவசரமும் இல்லை. கண்ணால் பார்த்து, மெதுவாக. தடித்த கையுறையோடு வைக்காதீர்கள், விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நெஞ்சு உறையில் இன்னொரு கவனம்: வலக்கையால் இழுக்கும்போது குழல் இடப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு வரும். இடக்கையை அந்த வழியில் நீட்டாதீர்கள், உடன் வருகிறவரை இடப்பக்கம் நடக்கவிடாதீர்கள்.

#15 ஆங்கரேஜ்வாசி

நன்றாகச் சொன்னீர்கள். தம்பி, தோட்டா இல்லாமல் வெறும் துப்பாக்கியோடு இரண்டு மாலை வீட்டுக்குள்ளேயே நடந்து, குனிந்து, பாத்திரம் கழுவிப் பாருங்கள். உறுத்துகிற இடம் அங்கேயே தெரிந்துவிடும். தோல் உறை என்றால் நனைந்தால் மூன்று நாள் காயாது, உள்ளே துரு பிடிக்கும். குளிருக்குக் கெட்டி எண்ணெய் வேண்டாம், பிசின்போல் இறுகிவிடும். மேல்சட்டை மாற்றும்போது பட்டை நீளம் மாறும். இரண்டு அளவுக்கும் பட்டையில் வண்ணநூலால் அடையாளம் தைத்துவிடுங்கள்.

சுட நேர்ந்தால் கதை அங்கே முடியாது. உங்கள் பக்கம் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தற்காப்பு என்றாலும் உடனே அறிவித்து விசாரணைக்கு நிற்க வேண்டும். எங்கள் ஊரில் நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து அரசிடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தரவேண்டும். ஒரு முழுக் கரடியைத் தனியாக உரித்துப் பார்த்தவன் அடுத்த முறை சத்தமாகப் பாடிக்கொண்டே நடப்பான்.

#16 நெடுநடையன்

திரும்பிவிட்டேன், யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ரிவால்வரை மாற்றவில்லை, பழகிய கை. கைடெக்ஸ் நெஞ்சு உறை வாங்கினேன். முதல் நாள் தோள்பட்டை கழுத்தோடு உரசியது. பட்டைக்கு அடியில் ஒரு பழைய கம்பளிக் காலுறையை வெட்டி வைத்துத் தைத்தேன், சரியாகிவிட்டது. பைனாகுலரை உயர்த்திக் கட்டச் சொன்னது பெரிய உதவி. ஆறு நாளில் ஒருமுறைகூட அதைக் கழற்றிப் பைக்குள் போடவேண்டும் என்று தோன்றவில்லை. இரவில் கூடாரத்தில் உறையோடே தலைமாட்டில் வைத்தேன், பக்கத்தில் கைவிளக்கு.

நான்காம் நாள் நண்பர் ஒரு பெண் எல்க்கைச் சுட்டார். ஒருவர் அறுக்க, ஒருவர் எழுந்து நின்று காவல் என்று முறை வைத்துக்கொண்டோம். நான் அறுக்கும் முறை வந்தபோதுதான் தெரிந்தது, குனிந்தால் ரிவால்வரின் பிடி முகவாயில் இடிக்கிறது. விலாப் பட்டையை ஒரு துளை இறுக்கி, உறையைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். இறைச்சியை நூறு மீட்டர் தள்ளி மரத்தில் தொங்கவிட்டோம். மறுநாள் போனபோது குடல் குவியலைச் சுற்றி மண்ணும் புல்லும் வாரி மூடப்பட்டிருந்தது, கரடி தன் இரையை மூடிவைப்பதுபோல. யார் செய்தது என்று நின்று பார்க்கவில்லை. சத்தமாகப் பேசிக்கொண்டே இறைச்சியை இறக்கி எடுத்துவந்துவிட்டோம்.

#17 மிளகாய்த்தூள்

மூடிய குவியலா! அப்போது ஸ்பிரே எங்கே இருந்தது?

#18 நெடுநடையன்

பையின் இடப்பக்க இடுப்புப் பட்டையில். பையோடு மரத்தடியில். அதற்கும் ஓர் இடம் தேட வேண்டும்.